முதலில் மார்பு, பிறகு புட்டி

2003, ஜூன் 11, புதன்

கிளினிக்கில் எடை போடும் நர்ஸ் என் கையிலிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டு, "அஜ்ஜி, தாயி எல்லி?" என்றாள். பாட்டி, அம்மா எங்கே என்று கேட்கிறாள். நான்தான் என்று கன்னடத்திலேயே சொன்னேன். அவள் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரவில்லை; களைப்பாக இருந்தது. நாற்பத்தேழு வயதில் பிள்ளை பெற்றால் இதெல்லாம் கேட்கத்தான் வேண்டும்.

எடை போதவில்லை. பிறந்தபோது இருந்ததைக்கூட இன்னும் எட்டவில்லை. டாக்டர் கேத்தரின் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பேசினார். "தாய்ப்பால நிறுத்தாதீங்க. ஆனா ஒவ்வொரு தடவையும் முதல்ல மார்பு, அப்புறம் புட்டி. எடை ஏறட்டும், பிறகு பாக்கலாம்." நான் வாதாடவில்லை. வேதியியல் கற்பிப்பவள் தராசோடு எப்படிச் சண்டை போடுவாள்.

ஜூன் 12

ஹெர்பர்ட் புட்டியும் பால் பவுடர் டின்னும் வாங்கி வந்தார். அடுத்த தெருவிலிருந்து அவருடைய அக்கா மௌரீன் வந்து, நான் எழுந்திருக்குமுன் புட்டியைச் சமையலறைக்குக் கொண்டுபோய், கொதிக்க வைத்து, எல்லாம் செய்து தந்தார். தையல் இன்னும் இழுக்கிறது. அக்கா வராவிட்டால் இந்த வீட்டில் உலை ஏறாது.

ஜூன் 14

புட்டியை வைத்ததும் பாப்பா மடமடவென்று குடித்தாள். கடைவாயில் வழிந்தது.

"பசியில கெடந்திருக்கு பாரு," என்றார் மௌரீன் அக்கா. "நீ காய்ஞ்ச மார வெச்சுக்கிட்டு அத ஏமாத்திட்டிருந்த."

வேடிக்கையாகத்தான் சொன்னார். ஹெர்பர்ட் சிரித்தார். நானும்.

ஜூன் 18

எடை ஏறியிருக்கிறது. எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கும்தான் — ஆனால் அதை எழுதிவைக்க வேண்டியிருக்கிறதே.

மார்பில் வைத்தால் இரண்டு இழுப்பு, பிறகு முதுகை வில்லாக வளைத்து அலறுகிறாள். புட்டியைக் கண்டால் அடங்கிவிடுகிறாள். போன வாரம் இப்படி இல்லை. அப்போது தூங்கித் தூங்கியாவது என்னிடம் குடித்தாள்.

ஜூன் 21

இன்று இரண்டு முறைதான் மார்பில் வைத்தேன். மூன்றாவது முறை எனக்கே மனமில்லை.

ஜூன் 23

ஹெர்பர்ட் கேட்டார்: "ஐரின், பிள்ள நல்லா இருக்கா. அது போதாதா உனக்கு?" நல்ல மனிதர். கேட்டதும் நியாயம். பதிலை இங்கே சொல்கிறேன்.

இந்தப் பிள்ளை விஷயத்தில் என் உடம்பு எதையும் தானாகச் செய்யவில்லை. ஊசி போட்டார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், வெளியே கருவை உண்டாக்கி உள்ளே வைத்தார்கள், தோற்றார்கள், மறுபடி வைத்தார்கள், கடைசியில் வயிற்றை அறுத்து எடுத்தார்கள். எல்லோருக்கும் நன்றி. ஆனால் பால் மட்டும் யாரும் ஒன்றும் செய்யாமல் வந்தது. முதன்முதலாக ரவிக்கை நனைந்தபோது நான் யாரையும் கூப்பிடவில்லை.

இப்போது அது வற்றிக்கொண்டிருக்கிறது. "இந்த வயசுல அவ்வளவுதான்" என்கிறார்கள். வயதுதான் காரணமென்றால் முதலில் எப்படி வந்தது? வற்றுவதால் அவள் குடிக்கவில்லையா, அவள் குடிக்காததால் வற்றுகிறதா? வகுப்பில் ஒரு பெண் எது முன், எது பின் என்று தெரியாமல் விடை எழுதினால் சிவப்பு மையில் சுழித்திருப்பேன். எனக்கே விடை தெரியவில்லை.

ஜூன் 26, வியாழன்

நிப்பிள் கொதித்துக் கொதித்துப் பிசுபிசுத்துப் போனதால் ஹெர்பர்ட் புதிது வாங்கி வந்தார். மதியம் அதை மாட்டிக் கொடுத்தேன். பாப்பா உறிஞ்சினாள், நிறுத்தினாள், என்னை முறைத்தாள், மறுபடி உறிஞ்சினாள். வழக்கமாக நான் தலையணையைச் சரிசெய்வதற்குள் காலியாகிற புட்டி, பாதிகூட இறங்கவில்லை.

மௌரீன் அக்கா எட்டிப் பார்த்தார். "ஐயய்ய, அப்படியேவா குடுத்துட்ட? கொண்டா. ஊசிய அடுப்புல காட்டிக் குத்தித் தர்றேன்."

"எதுக்குக்கா?"

"ஓட்டயப் பெருசாக்கணும்ல. கம்பெனிக்காரன் போடற ஓட்டயில எறும்புகூடக் குடிக்காது."

"பழசுலயும் குத்தினீங்களா?"

"மொத நாளே. நாலு குத்து. எங்க வீட்ல எல்லாப் பிள்ளைங்களும் அப்படித்தான் குடிச்சுது. டிரேவரப் பாரு, எப்படி வளந்து நிக்கிறான்."

அவர் போன பிறகு பழைய நிப்பிளை மாட்டி, புட்டியில் தண்ணீர் விட்டுக் கவிழ்த்துப் பார்த்தேன். சொட்டவில்லை, குழாய் மாதிரி ஊற்றியது. புதியது சொட்டுச் சொட்டாக விட்டது.

வாயைத் திறந்தால் தானாகக் கொட்டும் இடம் இருக்கும்போது, எந்தக் குழந்தை என்னிடம் வந்து பாடுபடும்?

ஊசி குத்த விடவில்லை.

ஜூன் 27

காலையிலிருந்து அழுகை. அளவைக் குறைக்கவில்லை, டாக்டர் சொன்ன அளவுதான், மெதுவாக இறங்குகிறது. மார்பில் வைத்தாலும் கோபம், புட்டி கொடுத்தாலும் கோபம்.

மௌரீன் அக்கா பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். "பிள்ளைய அழ வைக்கிறதுக்குத்தான் எம்.எஸ்ஸி. படிச்சியா? நான்தான் கெடுத்துட்டேன்னு நெனைக்கிற. நெனைச்சுக்கோ." கேட்டை மூடாமல் போனார்.

நான் அப்படி ஒண்ணும் சொல்லலையே. சொல்லலதான். மூஞ்சியில தெரிஞ்சிருக்கும். அவங்க இல்லாம என்ன பண்ணப் போறேன் — சோறுகூட இன்னும் வடிக்கல. ஒரு ரப்பர் துண்டுக்கு இவ்வளவு பிடிவாதம் எதுக்கு எனக்கு? நான் சொல்றது தப்பா இருந்தா? நெஜமாவே பால் இல்லாம இருந்தா?

ஜூன் 29

ஹெர்பர்ட் தனியாக ஆராதனைக்குப் போய்வந்தார். அக்கா அவரிடமும் பேசவில்லையாம்.

ஜூலை 1

அழ ஆரம்பிக்கும்வரை காத்திருக்காமல், அரைத்தூக்கத்திலேயே மார்பில் வைத்தேன். குடித்தாள். விழுங்குகிற ஓசை கேட்டது. ஒரு முறை நடந்ததை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. நாளையும் பார்க்க வேண்டும்.

ஜூலை 2

நாளையும் நடந்தது.

ஜூலை 5

கிளினிக். எடை இறங்கவில்லை, ஏறித்தான் இருக்கிறது. டாக்டர் கேத்தரினிடம் நிப்பிள் கதையைச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை. "பாதி வீட்ல அந்த ஊசி இருக்கு மேடம். நானும் கேட்டிருக்கணும்."

குடிக்கக் குடிக்கத்தான் பால் ஊறும். புட்டியின் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம், ஆனால் வாரா வாரம் எடை பார்த்துக்கொண்டுதான் என்றார்.

"என் வயசு?" என்றேன்.

"வயச நான் கேக்கலையே."

ஜூலை 14

நானேதான் போனேன், பாப்பாவைத் தூக்கிக்கொண்டு. மௌரீன் அக்கா கதவைத் திறந்து, என்னைப் பார்க்காமல் பிள்ளையை மட்டும் வாங்கிக்கொண்டு உள்ளே போனார். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அந்த வழக்கம் கிடையாது.

சற்று நேரத்தில் அவள் வாயைச் சப்ப ஆரம்பித்தாள். அக்காவின் கட்டிலிலேயே உட்கார்ந்து மார்பில் வைத்தேன். அக்கா எதிரில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அட்டை மாதிரி ஒட்டிக்கிச்சே."

நான் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"பால்சுறா வாங்கிப் புட்டு பண்ணியிருக்கேன். எழுந்து போயிராத. சாப்ட்டுப் போ."

"நான் வரேன்னு தெரியுமா?"

"நீ வராட்டி நான் கொண்டாந்திருப்பேன்."

சுறாப் புட்டு தின்றால் பால் ஊறும் என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. இரண்டு தடவை போட்டுக்கொண்டேன்.

ஜூலை 27, ஞாயிறு

ஞானஸ்நானம். லிடியா என்று பெயர். இடுப்பு வலி, பட்டுப்புடவை உடுத்தவே தெம்பில்லை. மாலையில் ஒரு புட்டி மட்டும் இன்னும் இருக்கிறது. அதை ஹெர்பர்ட் கொடுக்கிறார், விட்டுத்தர மாட்டேன் என்கிறார்.

பிரசங்கத்தின் நடுவில் அழ ஆரம்பித்தாள். பின்புறம் அங்கி மாற்றும் அறைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். மௌரீன் அக்காவும் கூடவே வந்து, கதவை மறைத்துக்கொண்டு வெளியே நின்றார். பெண்கள் சங்கத்து அம்மா ஒருவர் வந்து, "பிள்ளைக்குப் பசி போலிருக்கே. புட்டி எடுத்துட்டு வரலையா? யாரையாவது வீட்டுக்கு அனுப்பட்டுமா?" என்று கேட்பது காதில் விழுந்தது.

"எதுக்கு?" என்றார் மௌரீன் அக்கா.

கடைசிப் பாட்டு முடியும்வரை நாங்கள் உள்ளேயே இருந்தோம்.