எழுபத்தேழு டிகிரித் தண்ணீர்

தூத்துக்குடி
12-11-1959

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி சங்கரபாண்டி எழுதுவது. நான் சுகம். ஐப்பசி மழையில் பெரிய அருவி நிறைந்து விழும், அத்தானுக்குக் கை ஓயாது என்று நினைக்கிறேன். எண்ணெய் தேய்த்துக்கொள்ள வருகிறவர்களிடம் இந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டிவிடாதே. உனக்கு அந்தப் பழக்கம் உண்டு.

மீன் இலாகா ஆபீசில் எனக்கென்று ஒரு வேலை வந்துவிட்டது அக்கா. இத்தனை நாள் படகு கழுவிக்கொண்டிருந்தவன், இப்போது காற்றடைத்த இரும்பு உருளையை முதுகில் கட்டிக்கொண்டு, அதிலிருந்து வரும் ரப்பர் குழாயை வாயில் கவ்விக்கொண்டு கடலுக்குள் போகிறேன். மூச்சடக்க வேண்டியதே இல்லை. பத்துப் பாகம், அதாவது பத்துப் பேர் கை விரித்து நின்றால் எவ்வளவோ அவ்வளவு ஆழம். அங்கே முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருக்கலாம்.

வேலை இதுதான். செவ்வாய்க்கிழமைதோறும் ஒரே இடத்தில் இறங்கி, முத்துச் சிப்பிகளை எண்ணி, தண்ணீரின் சூட்டைத் தெர்மாமீட்டரில் பார்த்துப் பலகையில் எழுதி வரவேண்டும். பனிக்காலத்தில் நம் கடல் எவ்வளவு குளிர்கிறது, சிப்பி அதைத் தாங்குகிறதா என்று பார்க்கிறார்கள். மார்ச் முடிய ஒரு வாரமும் விட்டுப்போகாமல் எழுதிக்கொடுத்தால் ஏப்ரலில் என்னை நிரந்தரம் ஆக்குவதாக ஆபீசர் சொல்லியிருக்கிறார். சாமான்களோடு இங்கிலீஷில் ஒரு புத்தகம் தந்திருக்கிறார்கள். ரப்பரை நல்ல தண்ணீரில் கழுவி நிழலில் காயவைக்க வேண்டும் என்பது வரை புரிந்தது. அதற்கு மேல் என் இங்கிலீஷ் போகவில்லை.

இந்த வாரம் எண்பத்திரண்டு டிகிரி. நீ கவலைப்பட ஒன்றுமில்லை.

உன் தம்பி,
சங்கரபாண்டி


குற்றாலம்
18-11-1959

அன்புத் தம்பி சங்கரபாண்டிக்கு,

கவலைப்பட ஒன்றுமில்லை என்று எழுதிவிட்டால் ஆயிற்றா? எண்பத்திரண்டு டிகிரி என்று வாசித்ததும் அடுப்பில் கிடந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு எழுந்துவிட்டேன். போன வருஷம் அத்தானுக்குக் காய்ச்சல் வந்தபோது நூற்றிரண்டு என்றார்கள், இறங்கித் தொண்ணூற்றெட்டு ஆனதும் பிழைத்தார் என்றார்கள். எண்பத்திரண்டு என்றால் என்ன அர்த்தம்? பஸ் ஏறித் தென்காசிக்குப் போய்க் கம்பவுண்டரையே கேட்டேன்.

"எண்பத்திரண்டா? ஆளு செத்து அரை நாளு இருக்கும்ம்மா" என்கிறார் அந்த மனுஷன், ஊசியைக் கழுவிக்கொண்டே.

"செத்தவன் கடுதாசி எழுதுவானாய்யா?" என்று நானும் சண்டைக்குப் போய்விட்டேன். பிறகு உன் கடிதத்தை வாங்கி வாசித்து, அது தண்ணீரின் டிகிரி, உன்னுடையது இல்லை என்று சொன்னார். அங்கே இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும். அம்மா சாகும்போது உனக்கு நாலு வயது. என் இடுப்பில் கிடந்து வளர்ந்த பிள்ளை நீ. எனக்கு இருப்பது நீ ஒருத்தன்தான்.

அத்தான் உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னார். செவ்வாய்க்கிழமை இறங்குகிறாய் என்பதும் எனக்குப் பிடிக்கவில்லை. ஆபீசரிடம் சொல்லி புதன்கிழமை ஆக்கிக்கொள்ளக் கூடாதா?

அக்கா,
தங்கத்தாய்


தூத்துக்குடி
4-12-1959

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படகில் வைத்து வாசித்துச் சிரித்தேன். பரீது அண்ணன் "என்ன வே, கல்யாணச் சேதியா?" என்று பிடுங்கப் பார்த்தார். சங்கு குளிக்கிறவர், குழாய், உருளை ஒன்றும் இல்லாமல் ஒரே மூச்சில் என் பக்கத்தில் வந்து நின்று, பல்லைக் காட்டிவிட்டு மேலே போய்விடுவார். எனக்குத் துணையாக அவரைத்தான் படகில் வைத்திருக்கிறார்கள். புதன்கிழமை விஷயத்தை ஆபீசரிடம் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

இப்போது எழுபத்தொன்பது டிகிரி. வெளிநாட்டில் குளிர்ந்த கடலில் இறங்குகிறவர்களுக்கு உடம்போடு ஒட்டிய ரப்பர்ச் சட்டை உண்டாம். நம்முடையது வெப்பக் கடல், பனிக்காலத்திலும் இதமாகத்தான் இருக்கும், சட்டை தேவையில்லை என்று மேலிடத்தில் எழுதிவிட்டார்கள். அவர்கள் சொல்வது பொய் இல்லை. கையை விட்டுப் பார்த்தால் இதமாகத்தான் இருக்கிறது.

உன்னிடம் மறைப்பானேன். முதல் கால் மணி நேரம் ஒன்றும் தெரியவில்லை. அரை மணி ஆனதும் பல் அடிக்க ஆரம்பித்துவிடுகிறது. வாயில் கவ்வியிருக்கிற ரப்பர் நழுவுகிறது. பலகையில் எட்டு என்று எழுதினால் மூன்று மாதிரி வருகிறது. "நான் ஒரு நிமிசம் முங்கிட்டு வெயில்ல வந்து உக்காருதேன். நீ அங்கனயே குடியிருக்க. குளிராம என்ன செய்யும்?" என்கிறார் பரீது அண்ணன். குற்றாலத்துக்காரன் இந்தத் தண்ணீரில் நடுங்குகிறேன் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

உன் தம்பி,
சங்கரபாண்டி


குற்றாலம்
15-12-1959

அன்புத் தம்பிக்கு,

ஐந்தாம் வகுப்புக் கணக்கு எனக்கு மறக்கவில்லை. உடம்பு தொண்ணூற்றெட்டு. தண்ணீர் எழுபத்தொன்பது. நடுவே பத்தொன்பது டிகிரி இருக்கிறதே, அது எங்கே போகிறது? உன் உடம்பிலிருந்து கடல் உறிஞ்சிக்கொண்டேதானே இருக்கும்? கடல் நிறைகிற வரைக்கும் நீ கொடுத்துக்கொண்டிருக்க முடியுமா? இதை உன் ஆபீசரிடம் கேள். நான் கேட்டதாகவே கேள்.

வேலையை விட்டு வா என்றால் வரமாட்டாய். அருவி விழுகிற பொங்குமாகடல் பள்ளத்தில் குதிக்காதே என்று நான் கரையில் நின்று கத்தினபோதும் நீ கேட்டவன் இல்லை. இங்கே உட்கார்ந்துகொண்டு செவ்வாய்க்கிழமைகளை எண்ணுவதைத் தவிர எனக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை.

அத்தானிடம் சொல்லி அழுதேன். "இதுக்கு எதுக்குட்டி அழுத? குத்தாலத்துல எண்ணெ தேய்க்காம எவன் தண்ணில நிக்கான்? அவன் தேய்க்காம எறங்கியிருப்பான். அதான் குளிரு உள்ள போயிட்டு" என்றார். மிளகும் சுக்கும் போட்டு நல்லெண்ணெயைத் தன் கையாலேயே காய்ச்சி, ஒரு டின்னில் ஊற்றி மெழுகு வைத்து அடைத்திருக்கிறார். தென்காசி ஹபீபுல்லா கைலிப் பொதியோடு தூத்துக்குடி வருகிறார், அவரிடம் கொடுத்துவிட்டேன். தண்ணீரில் இறங்குமுன் உச்சி முதல் உள்ளங்கால் வரை தேய்த்துக்கொள். கழுத்திலும் வாயைச் சுற்றியும் நிறையப் போடு. குளிர் அங்கேதான் முதலில் ஏறும் என்கிறார் அத்தான். போடாமல் இறங்க மாட்டேன் என்று அம்மா மேல் சத்தியம் செய்து எழுது.

அக்கா,
தங்கத்தாய்


தூத்துக்குடி
14-1-1960

அன்புள்ள அக்காவுக்கு,

பொங்கல் நாளில் எழுதுகிறேன். பரீது அண்ணன் வீட்டிலிருந்து மீன் குழம்பு வந்தது.

அம்மா மேல் சத்தியமாக, எண்ணெய் தேய்க்காமல் நான் இறங்குவதில்லை. ஹபீபுல்லா அண்ணாச்சி கையிலிருந்து வாங்கி மூடியைத் திறந்தேன். அத்தான் வேட்டி வாசம் வந்தது. ஊரே வந்துவிட்டது மாதிரி இருந்தது.

நீ நம்பமாட்டாய், குளிர் பாதியாகக் குறைந்துவிட்டது. இந்த வாரம் எழுபத்தேழு டிகிரி. இதற்குக் கீழே போகாது என்கிறார்கள். அதிலும் ஐம்பது நிமிஷம் இருந்தேன். கையெழுத்து நன்றாக இருப்பதாக ஆபீசர் சொன்னார். உன் கணக்கை அவரிடம் கேட்டேன். சிரித்துவிட்டு, "உங்க அக்காவ ஆபீஸ்ல சேத்துரலாம் போலிருக்கே" என்றார்.

டின் முடியப்போகிறது. இன்னொன்று அனுப்பச் சொல். மார்ச் வரைக்கும்தான். சித்திரையில் நிரந்தரமானவனாக ஊருக்கு வருவேன். பெண் பார்க்க ஆரம்பித்துவிடாதே.

உன் தம்பி,
சங்கரபாண்டி


குற்றாலம்
27-1-1960

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தை அத்தான் மூன்று தரம் வாசிக்கச் சொன்னார். இருபது வருஷமாக அருவிச் சத்தத்தில் நின்று அவருக்குக் காது மந்தம் என்பது உனக்குத் தெரியும். "குளிர் பாதியாகக் குறைந்துவிட்டது" என்ற இடத்தை மட்டும் அவர் காதோடு கத்தினேன். தெருவெல்லாம் கேட்டிருக்கும். மனுஷனுக்கு அன்றைக்கெல்லாம் கால் தரையில் நிற்கவில்லை. எண்ணெய் தேய்த்துக்கொள்ள வந்த ஆள்களிடம், தன் எண்ணெய் கடலுக்கு அடியில் வேலை பார்ப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இரண்டாவது டின்னை ஹபீபுல்லாவிடம் கொடுத்தாகிவிட்டது. எனக்கும் இப்போதுதான் கண்ணில் தூக்கம் வருகிறது. வாசுதேவநல்லூரில் ஒரு பெண் இருக்கிறாள். நான் ஆரம்பிக்கவில்லை, அவர்களாகத்தான் கேட்டார்கள்.

அக்கா,
தங்கத்தாய்


தூத்துக்குடி
25-2-1960

அன்புள்ள அக்காவுக்கு,

ஆஸ்பத்திரியில் இருந்து எழுதுகிறேன். பயப்படாதே, உயிருக்கு ஒன்றுமில்லை. கை கால் நன்றாக இருக்கிறது. கையெழுத்தைப் பார்த்தாலே தெரியும்.

பதினாறாம் தேதி செவ்வாய்க்கிழமை, எழுபத்தெட்டு என்று எழுதி முடித்தேன். குழாய் வாயருகே பிய்ந்து உப்புத்தண்ணீர் உள்ளே வந்துவிட்டது. உந்தி மேலே வந்தேன். பாதியில் இரண்டு காதிலும் துணி கிழிகிற மாதிரி சத்தம். உடனே கடல் தலைகீழாகச் சுற்ற ஆரம்பித்துவிட்டது அக்கா. மேல் எது, கீழ் எது என்று தெரியவில்லை. மேலே போவதாக நினைத்துக்கொண்டு அடியை நோக்கி நீந்தியிருக்கிறேன். கையில் மணல் தட்டியபோதுதான் தெரிந்தது. பரீது அண்ணன் குதித்து என் முடியைப் பிடித்துத் தூக்கினார்.

வேகமாக மேலே வந்ததில் காது ஜவ்வு கிழிந்து தண்ணீர் உள்ளே போனதால் வந்த சுற்றல் என்று டாக்டர் எழுதிக் காட்டினார். உள்ளே தொண்ணூற்றெட்டு, வருகிற தண்ணீர் எழுபத்தெட்டு. அந்த வித்தியாசம் பட்டதும் தலைக்குத் திசை தெரியாமல் போய்விடுமாம். உன் கணக்குக்கு இவர்தான் பதில் சொன்னார். பிறகு இரண்டு காதிலும் சீழ் வைத்துவிட்டது. வலது காது போய்விட்டது. இடது காதில் யாரோ குடத்துக்குள் பேசுவது மாதிரி கேட்கிறது, அதுவும் இனிக் குறையுமாம். இனிமேல் தண்ணீரில் இறங்கக் கூடாது. நிரந்தரம் என்ற பேச்சும் அதோடு முடிந்தது.

ரப்பர் பழசு. வெளிநாட்டிலிருந்து வரும்போதே வெயிலில் கிடந்திருக்கும். வேறு காரணம் ஒன்றும் இல்லை. நீ அனுப்பிய இரண்டாவது டின் வந்து சேரவில்லை; பஸ்ஸிலேயே ஓட்டையாகி ஒழுகிவிட்டதாம். முதல் டின் பொங்கலோடு தீர்ந்துவிட்டது. அன்றைக்கு என் உடம்பில் எண்ணெயே இல்லை. அத்தானிடமும் இதைச் சொல்லிவிடு.

நீ புறப்பட்டு வரவேண்டாம். நான் இப்போதைக்கு ஊருக்கு வரவில்லை.

உன் தம்பி,
சங்கரபாண்டி


குற்றாலம்
6-3-1960

அன்புத் தம்பி சங்கராவுக்கு,

உன் கடிதத்தை வாசித்து எவ்வளவு அழுதேன் என்று எழுதி உன்னையும் அழவைக்கப் போவதில்லை. ஆனால் ஒன்று எனக்கு விளங்கவில்லை. காது போன பிள்ளை எண்ணெய் வந்து சேராததைப் பற்றி எதற்காக நாலு வரி எழுதுகிறான்? நான் கேட்கவே இல்லையே?

ஹபீபுல்லாவிடம் போனேன். "ஒழுகிருந்தா எங்கைலிப் பொதி என்னத்துக்கு ஆகும்? எங்கையாலதான் உங்க தம்பிகிட்ட குடுத்தேன். அங்கனயே மூடியத் தெறந்து மோந்து பாத்தாரு" என்றார். அங்கிருந்து நேரே சைக்கிள் கடை அகமது கபீரிடம் போனேன். ரப்பர் எதனால் பிய்யும் என்று கேட்டேன். "எண்ணெயக் காட்டப்படாதுக்கா. டியூப்ல பட்டுச்சுன்னா ஊதி, கொழகொழன்னு ஆயி, தொட்ட எடத்துல பிஞ்சிரும்" என்றார். கழுத்திலும் வாயைச் சுற்றியும் நிறையப் போடு என்று எழுதினவள் நான். அம்மா மேல் சத்தியம் வாங்கினவளும் நான்.

நான் என்ன செய்வேன், சொல். உன்னைக் குளிர் கொல்லும் என்று பயந்தேன். அந்தப் பயம்தான் உன்னை இப்படி ஆக்கிவிட்டது. கம்பவுண்டரிடம் தெர்மாமீட்டரைக் கெஞ்சி வாங்கி வந்து அருவித் தண்ணீரில் பிடித்துப் பார்த்தேன். எழுபத்தேழு எவ்வளவு குளிர் என்று நானும் நின்று பார்க்க வேண்டும் என்று ஒரு ஆசை. அது தொண்ணூற்றைந்துக்குக் கீழே காட்டாதாம். கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அத்தானுக்கு ஒன்றும் தெரியாது. நீ எழுதியபடியே, டின் ஒழுகிவிட்டது, ரப்பர் பழசு என்று அவர் காதில் கத்திவிட்டேன். "எண்ணெ போய்ச் சேந்திருந்தா பிள்ளைக்கு இப்படி ஆயிருக்காது" என்று சொல்லி அழுதார். முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டேன். மறுநாள் காலையில் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு அருவிக்குப் போய்விட்டார். உண்மை தெரிந்தால் அந்தக் கை இனி எண்ணெயைத் தொடாது. நாற்பது வயதுக்கு மேல் அவர் வேறு எந்த வேலைக்குப் போவார்? அவர் எண்ணெய் காய்ச்சும்போது அந்த வாசம் தாங்காமல் நான் எழுந்து வெளியே போய்விடுகிறேன்.

நீ வா. காது கேட்காதவன் ஊருக்கு எப்படி வருவது என்று நினைக்காதே. அருவிக்கரையில் யார் பேச்சு யாருக்குக் கேட்கிறது? அத்தானும் நானும் வீட்டிலும் பாதி கைஜாடையில்தான் பேசிக்கொள்கிறோம். சோறு, வெந்நீர், பூட்டு, பஸ் எல்லாவற்றுக்கும் ஜாடை இருக்கிறது. பத்து நாளில் நீ பழகிவிடுவாய்.

ஒன்று மட்டும் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு உள்ளங்கையையும் சேர்த்துத் தேய்த்துக் காட்டினால் எங்களுக்கு எண்ணெய் என்று அர்த்தம். குளிர் என்பதற்கும் அதே ஜாடைதான். நீ வந்து இறங்கியதும், எண்ணெய் வந்து சேர்ந்ததா என்று அவர் உன் எதிரில் நின்று கையைத் தேய்த்துத் தேய்த்துக் காட்டுவார். குளிரா என்று கேட்பதாக எடுத்துக்கொண்டு, இல்லை அத்தான் என்று தலையை ஆட்டிவிடு.

அக்கா,
தங்கத்தாய்