கல்யாணத்துக்கு எழவுப் பாட்டு

அன்பு ஃபின்டனுக்கு,

மாதா புண்ணியத்துல நானும் உன் சித்தப்பாவும் நடமாடிட்டு இருக்கோம், அவரு முழங்கால்தான் மழைக்கு முந்தின நாளே வலிக்குது, தினம் மழை பெய்யற அயர்லாந்துல, அதுவும் இந்த டோனிகால்ல, அப்ப என்னைக்குத்தான் வலிக்காது. போலந்துல குளிராமே, கழுத்தை மூடிக்கிட்டுப் போ.

உன் மாமனாராகப் போற வால்டெக் ஞாயித்துக்கிழமை போன் பண்ணாரு, நான் பூசைக்குப் போய்ட்டு வந்து கோட்டைக்கூடக் கழட்டலை. சம்பந்தியம்மா, கல்யாணம் முடிஞ்சு கிங்காவும் மாப்பிள்ளையும் கோயிலை விட்டு வெளிய வரப்ப எங்க சனம் நூறு பேரும் உங்க நாட்டு ஃபுட்பால் பாட்டைப் பாடப் போறோம், மனப்பாடம் பண்ணியாச்சு, கைதட்டோடன்னாரு. எனக்கு நாற்காலி தேட வேண்டியதாப் போச்சு. கடல்ல போன உங்கப்பா உடம்பு கரை ஒதுங்கி, நாம சவப்பெட்டியைத் தூக்கறப்ப பாடின பாட்டுடா அது. நம்ம பங்குக் கோயில் பசங்க போலந்துக்கு ஆட்டம் பாக்கப் போய், நம்ம டீம் மூணு கோல் வாங்கித் தோத்து நின்னப்ப வாய்க்கு அதுதான் வந்துச்சு, எழவுன்னா நாம வேற என்ன பாடுவோம். அதுக்கு அந்த ஊர்க்காரங்க, அடடா தோத்தும் என்ன கும்மாளம்னு கட்டிப்புடிச்சு ஆடினாங்க, ஆடினதுல வால்டெக்கும் ஒருத்தர். மறுநாள் பேப்பர்ல உலகத்துலயே சந்தோஷமான ரசிகருங்கன்னு போட்டான். நாமளும் இல்லைன்னு சொல்லலை, பாராட்டை யாரு வேண்டாம்பாங்க. ஆனா ரெண்டு வருஷமா அந்த வீட்டுல சாப்பிடுற, நீயாவது சொல்லியிருக்க வேண்டாமா, அவ்வளவு என்ன கூச்சம்.

கல்யாணத்துக்கே வரலைன்னு சொல்ல வாயெடுத்தேன். அதுக்குள்ள அவரே, ஒண்ணு கேக்கணும், அது குஷியான பாட்டுதானே, அப்புறம் ஏன் பாடறப்பெல்லாம் செத்துப்போன எங்கம்மா ஞாபகம் வந்து எனக்குப் பாட்டு பாதியிலேயே நின்னுபோகுதுன்னாரு. ஜெபமாலையைப் புடிச்சுக்கிட்டு எல்லாத்தையும் சொல்லிட்டேன்.  ஐயோ சம்பந்தி, நான் அதுக்கு மேளம் வேற சொல்லிட்டேனேன்னாரு. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு, மாதா மன்னிக்கணும்.

பாடுங்கன்னுட்டேன். மேளம் இல்லாம, கடைசி வரி வரைக்கும். உங்கப்பாவுக்கு வேற எப்படித்தான் பத்திரிகை வைக்கிறது.

தீர்த்தக் குப்பியோட வரேன், உன்னையும் கிங்காவையும் மாதா தன் முந்தானைக்குள்ள வச்சுக் காப்பாத்தட்டும். பழக்கதோஷத்துல அங்க நாலு பேரு கை தட்டத்தான் செய்வாங்க, தட்டிட்டுப் போகட்டும். நீ மட்டும் தட்டாதே, நேரா நில்லு.

உன்னை வளர்த்த சித்தி,
ஃபிலோமினா