வில்பிரட் முறுக்கிய நட்டு

மருமகள் பிரெசில்லாவுக்கு, சாயல்குடி உப்பளத்திலிருந்து மாமி எழுதுவது. நான் சுகம். பேத்தி ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

வில்பிரட்டின் சைக்கிளில் பின் டயர் கிழிந்துவிட்டது. சக்கரத்தைக் கழற்றப் பார்த்தால் நட்டு துருவேறி அசையவில்லை. அவன் கடலில் காணாமல் போன அன்று காலையில் முறுக்கிய நட்டு அது.

சைக்கிள் கடைக்காரர், "வெட்டித்தான் எடுக்கணும் ஆத்தா" என்றார்.

"எம் மகன் முறுக்குனதுய்யா, வெட்டாத" என்று சொல்லி, மண்ணெண்ணெயில் ஊறவிட்டு, ஸ்பானரில் குழாயை மாட்டி நானே மிதித்தேன். கழன்றுவிட்டது. அவன் இறுக்கியது இனி எதுவும் இல்லை.

உடல் கிடைக்காமல் அவன் ஆத்துமாவுக்குக் கோயிலில் பூசை வைக்கக்கூடாது என்று இத்தனை நாள் உன்னைத் தடுத்தேன். இனித் தடுக்கவில்லை. பூசைக்கு வர எனக்கு உப்பளத்தில் லீவு தரமாட்டார்கள். கால் வெடிப்புக்குக் கொஞ்சம் தேங்காயெண்ணெய் கொடுத்துவிடு.

மேஸ்திரி கூப்பிடுகிறார். பூசையில் அவன் பேரைச் சத்தமாக வாசிக்கச் சொல்.

மாமி ஜெபமாலை