கூழாங்கல் நாள்

அபெம் அரண்மனை, பெண்கள் முற்றம்
புதன்கிழமை, ஜனவரி 17, 1968

மகன் அதாங்காவுக்கு உன் அம்மா அக்வென் எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம், அங்கே உன் சுகம் அறிய ஆவல் என்று தொடங்குவதுதான் முறை. முறைக்கு எழுதிவிட்டேன். இனி உள்ளதைச் சொல்கிறேன்.

எழுத்து கோணலாக இருக்கிறதே என்று பார்க்காதே. வழக்கமாக உபதேசியார்தான் எனக்குக் கடிதம் எழுதித் தருவார். இது அவர் கைக்குப் போகக் கூடாத கடிதம். மிஷன் பள்ளியில் நாலாம் வகுப்பு படிக்கும்போது உன் அப்பா என்னை அரண்மனைக்குக் கொண்டுவந்தார். அதோடு பேனாவை விட்டவள், இன்று காலையிலிருந்து உட்கார்ந்து கிறுக்குகிறேன். நீயும் இதைத் தோட்டத்துக் கணக்குப்பிள்ளையிடம் நீட்டி, படித்துச் சொல்லச் சொல்லாதே. தனியாகப் போய்ப் படி, படித்ததும் அடுப்பில் போடு.

உன் தம்பிக்கு உடம்பு சரியில்லை. ஊருக்கு அது தெரியாது. அரசனாகிவிட்ட அவனுடைய பெயரை இனி யாரும் சொல்லக் கூடாது, பெற்றவளும் சொல்லக் கூடாது. ஆகையால் தம்பி என்றே எழுதுகிறேன்.

பட்டமேற்பு சனிக்கிழமை நடந்தது. நீ கடற்கரைத் தோட்டத்தில் வாழைத்தார் வெட்டிக்கொண்டிருந்தாய் என்றுதான் ஊரே நினைக்கிறது. ஆகவே பார்க்காதவனுக்குச் சொல்வதுபோல எல்லாவற்றையும் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம். மேட்டுத் தெருவிலிருந்து ஓடைவரை தலைதான். ஏழு ஊர் அரசர்கள் குடையும் கொம்பு ஊதுகிறவர்களுமாக வந்து இறங்கினார்கள். பமெண்டா நகரத்திலிருந்து அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்தார், கண்ணாடியைக் கடைசிவரை கழற்றவில்லை. பள்ளிப் பிள்ளைகள் கொடி பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றார்கள், ஒரு பெண் மயங்கி விழுந்தது. நாட்டுத் துப்பாக்கி வெடித்து வெடித்து என் காது இன்னும் அடைத்துக் கிடக்கிறது. பதினாறு ஆடு, மூன்று மாடு. சேப்பங்கிழங்கு இடிக்கிற சத்தம் வெள்ளிக்கிழமை முழுக்க ஓயவில்லை. என் சக்களத்திகளில் சின்னவள் சுவிரி எனக்குப் புதுத் துணி கட்டிவிட்டு, "அக்கா, இன்னிக்கு நீங்க ராஜமாதா. மூஞ்சியக் கொஞ்சம் சிரிச்ச மாதிரி வச்சுக்கங்க, யாரோ செத்த வீட்டுக்குப் போற மாதிரி இருக்கீங்க"ன்னாள். அவளுக்கு வாய் அதிகம்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. உன் தம்பி இந்தப் பட்டத்தைக் கேட்கவில்லை என்பது உனக்கே தெரியும். உன் அப்பா இறந்ததை முறைப்படி 'காணாமற்போனார்' என்று முரசு அறைந்த அன்று பிள்ளைகள் எல்லாரும் முற்றத்தில் வரிசையாக நின்றீர்களே, நீ தைத்து வைத்திருந்த அங்கியோடு முதல் ஆளாக நின்றாய். அவன் ஆஸ்பத்திரியில் புண் கட்டுகிற வேலையை விட்டு நேரே வந்தவன், வெள்ளைக் கோட்டோடு கடைசியில் நின்றான். பட்டத்துக்கு ஆளைத் தேர்கிற சபையார் உன்னைத் தாண்டிப் போய் அவன் மணிக்கட்டைப் பிடித்தபோது, "ஐயா, ஆள் மாறிப்போச்சு, அண்ணன் அங்க நிக்கிறாரு"ன்னு கெஞ்சினான். அவன் அழுததை எல்லாரும் பார்த்தார்கள். நீ பார்க்கவில்லை, ஏனென்றால் நீ அதற்குள் லாரி நிற்கிற இடத்துக்குப் போய்விட்டாய்.

சரி, சனிக்கிழமைக்கு வருகிறேன். உள்ளே கூட்டிக்கொண்டுபோய்க் குளிப்பாட்டி அரசனாக்கும் முன்னால், மக்கள் அவனைக் கூழாங்கல்லால் அடிக்க வேண்டும். அவன் மனிதனாக நிற்கிற கடைசி நாழிகை அதுதான். கல் அவரை விதையைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது, ஓடையில் பொறுக்கியதாக இருக்க வேண்டும், முதல் கல்லைத் தாய் எறிய வேண்டும். நான் எறிந்தேன். அவன் தோளில் பட்டு விழுந்தது. என்னைப் பார்த்துச் சின்னதாகச் சிரித்தான்.

அதன்பிறகு ஊர் பிடித்துக்கொண்டது. வாயில் வந்ததையெல்லாம் கத்தலாம் என்கிற நாள் அல்லவா. "டேய், என் பின்பக்கத்துல ஊசி குத்துனியே, இந்தா வாங்கிக்க"ன்னு கள் விற்கிற கிழவி ஒரு பிடியை அள்ளி வீசினாள். "உங்கப்பன் எங்க கொல்லையில மாட்ட விட்டு மேய்ச்சான், நீயாவது கட்டிப் போடு" என்று ஒருவன். "நாளையிலேருந்து உன்ன வாயத் தொறந்து திட்ட முடியாது, இன்னிக்கே திட்டிக்கிறேன், சப்பை மூக்கா" என்று அவனோடு படித்த பையன். சிரிப்பும் கல்லுமாக மழை மாதிரி கொட்டியது. சுவிரி என் கையைப் பிடித்துக்கொண்டு, "கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதும்பாங்க, இவ்வளவு கல் பட்டதும் நல்லதுக்குத்தான்க்கா"ன்னாள்.

அப்போதுதான் அந்தக் கல் வந்தது. கைக்குள் அடங்காத கல். வாழைக் கொல்லைப் பக்கமிருந்து, கூட்டத்தின் தலைக்கு மேலே வந்து இடது புருவத்தில் அடித்தது. அவன் உட்கார்ந்துவிட்டான்.

அரசனாகிறவன் ரத்தம் மண்ணில் விழுந்தால் மக்கள் அவனை வேண்டாம் என்று சொன்னதாக அர்த்தம். பக்கத்தில் நின்ற, அரசனுக்குப் பணிவிடை செய்கிற தா அக்கோங் கிழவர்தான் சமாளித்தார். சிவப்பு மரப்பொடிக் கூடையை அப்படியே எடுத்து அவன் தலையில் கவிழ்த்தார். பூசுகிற நேரம் இன்னும் வரவில்லை, ஆனால் சிவப்போடு சிவப்பாகப் போய்விட்டது. கூட்டம் குலவையிட்டது. துப்பாக்கிகள் வெடித்தன. அவனைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்கள், திரும்பி வரும்போது சிறுத்தைத்தோலில் உட்கார்ந்து வந்தான், ஏழு அரசர்களும் எழுந்து நின்றார்கள். பாட்டென்ன, ஆட்டமென்ன. மூன்று நாள் ஊரே குடித்தது.

நான் ஆடவில்லை. நான் ஒரு தொப்பியின் மேல் உட்கார்ந்திருந்தேன்.

எல்லாரும் மேடையைப் பார்த்தபோது நான் கல் வந்த திசையைப் பார்த்தேன். ஓடுகிறவனின் முதுகைத்தான் பார்த்தேன். பெற்றவளுக்கு முதுகு போதும். இடது கையால் காட்டுப் புறாவை அடித்து வீழ்த்துகிற பிள்ளை இந்த முற்றத்தில் ஒருவன்தான் வளர்ந்தான். வாழையிலையில் மாட்டி விழுந்து கிடந்த நீலத் தொப்பி போன மழைக்காலத்தில் நான் பின்னி லாரியில் கொடுத்தனுப்பியது. யாரும் பார்க்குமுன் போய் எடுத்துத் துணிக்குள் சுருட்டி, வந்து அதன் மேலேயே உட்கார்ந்து, வருகிறவர்களின் வாழ்த்தையெல்லாம் வாங்கிக்கொண்டேன். மறுநாள் விருந்துச் சட்டி வெந்த அடுப்பிலேயே போட்டேன். கம்பளி கருகுகிற நாற்றம், சுவிரி மூக்கைச் சுளித்தாள். ஆட்டுத் தோல் என்றேன்.

அதாங்கா, உன்னைத் திட்டத்தான் பேனாவை எடுத்தேன். திட்டுவதற்கு முன்னால் நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். தகப்பன் பட்டத்தில் அமர்ந்த பிறகு பிறந்தவன்தான் அடுத்த பட்டத்துக்கு ஆவான். நீ அதற்கு நாலு நாள் முந்திப் பிறந்தாய். நான் உன்னை என் அம்மாவின் கொல்லைக் குடிசையில் பதினொரு நாள் மறைத்து வைத்து, அன்றுதான் பிறந்தாய் என்று ஊருக்குச் சொன்னேன். மருத்துவச்சி அசாவுக்கு ஒரு பன்றி கொடுத்து வாயை அடைத்தேன். முப்பத்திரண்டு வருஷம் உன் காதில் நீதான் அரசன், நீதான் அரசன் என்று ஓதினேன். சபையார் உன் அப்பா போனதும் அசாவைக் கூப்பிட்டுப் சிறுத்தைத்தோலைத் தொட்டுச் சத்தியம் கேட்டார்கள், சொல்லிவிட்டாள். சாகப்போகிற கிழவி, அவளைச் சொல்லிக் குற்றமில்லை. தம்பி உன் சொத்தைப் பறிக்கவில்லை. உனக்கு இல்லாததை இருக்கிறது என்று சொன்னவள் நான். அந்தக் கல் என் மேல் விழ வேண்டிய கல். உனக்குத்தான் குறி தப்பாதே, எப்படித் தப்பியது?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஒன்பது வாரம் அவன் உள்வீட்டை விட்டு வெளியே வரக் கூடாது. பகலில் ஒரு முறை நான் சாப்பாடு கொண்டுபோகலாம். மகன் முன்னால் மூன்று முறை கை தட்டிவிட்டுத்தான் பேச வேண்டும், தொடக் கூடாது. திங்கட்கிழமை போனேன், புருவம் வீங்கிக் கண் மூடியிருந்தது. நேற்று போனபோது கன்னம்வரை வீக்கம், போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தான். அறையில் வாடை அடித்தது. நெற்றியைத் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினேன். தா அக்கோங் இருமினார். கையை மடக்கிக்கொண்டேன். காய்ச்சலில் கிடக்கிற பிள்ளையின் நெற்றியைத் தொட முடியாத அம்மா நான் ஒருத்திதான் இருப்பேன்.

கிழவர் தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில் அவன் மெல்லக் கேட்டான்: "அம்மா, அண்ணன் கரையில நல்லாருக்காரா?" நான் சாப்பாட்டுச் சட்டியை மூடினேன். "எனக்குத் தெரியும்மா. நான் நேரே பாத்தேன்"ன்னான். ஆஸ்பத்திரி டாக்டரைக் கூப்பிடுகிறேன், ஊசி போட்டால் சரியாகிவிடும் என்றேன். அதற்கு அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "சீழ் வச்சிருச்சும்மா, அது எனக்கே தெரியும். டாக்டர் வந்தா காயம்னு சபைக்குத் தெரியும். காயம்னா கல்லு யாருதுன்னு தேடுவாங்க. கோலாக்கொட்டை விக்கிறவ இடதுகைக்காரன் ஒருத்தன் ஓடுனதப் பாத்திருக்கா, இப்போதைக்கு அது யாருக்கும் பெருசாத் தெரியல. தேட ஆரம்பிச்சா தோட்டத்துல வந்து லீவுச் சீட்டக் கேப்பாங்க. அண்ணனக் காட்டுக்குள்ள கூட்டிட்டுப் போயிருவாங்க. போலீஸ் கேட்டா யாருக்கும் ஒண்ணும் தெரியாது. விடுங்க, உடம்பு தானே பாத்துக்கும்." தானே பார்த்துக்கொள்ளாது என்று புண் கட்டிப் பிழைத்தவனுக்குத் தெரியாதா. உனக்காகத்தான் பொய் சொல்கிறான்.

ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு என்று பார்க்கிறவள் நான் இல்லை என்று இத்தனை நாள் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அப்படித்தான் ஆகிவிட்டது. அவனுக்கு மருந்து கேட்டால் உன்னைக் காட்டிக்கொடுக்கிறேன். உன்னை மறைத்தால் அவனைக் கொல்கிறேன். நேற்றுப் பூராவும் யோசித்தேன், மூன்றாவது வழி எனக்குத் தெரியவில்லை.

ஆகையால் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். என் அண்ணன் மகன் ஃபுரு இன்று மதியம் லாரி எடுக்கிறான். அவனுக்கு உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாது. வியாழன் சாயங்காலம் இது உன் கையில் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலைவரை நான் வாயைத் திறக்க மாட்டேன். ஞாயிறு விடிந்ததும் நானே நடந்துபோய் மிஷன் டாக்டரைக் கூட்டிக்கொண்டு உள்வீட்டுக்குள் போவேன். ராஜமாதா முறையை மீறினாள் என்று என்னை ஊரைவிட்டுத் தள்ளினாலும் தள்ளட்டும். கல் எறிந்தது யார் என்று கேட்பார்கள். நான் சொல்ல மாட்டேன். ஆனால் கண்டுபிடிக்க அவர்களுக்கு நாலு நாள் ஆகாது.

இந்த மூன்று நாளையும் அவன் உயிரிலிருந்து எடுத்து உனக்குத் தருகிறேன். அதற்குள் அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்தப் பழி என்னுடையது, நான் சுமந்துகொள்கிறேன். நீ இதை வீணாக்கிவிடாதே. சம்பளத்துக்காக நிற்காதே, யாரிடமும் விடைபெறாதே. மீன்காரர்களின் படகு எல்லை தாண்டிக் கலாபாருக்குப் போகிறதாம், அதில் ஏறு. அந்தப் பக்கம் போய் வேறு பெயர் வைத்துக்கொள், என்ன பெயர் என்று எனக்கு எழுதாதே. இதோடு வருகிற பொட்டலத்தில் காய்ந்த மீனும் சோளமாவும் இருக்கிறது. வலது கையால் சாப்பிடவும் வேலை செய்யவும் பழகு. இங்கே சூரியன் மறைந்தது, உன் தம்பி போய்விட்டான் என்று யார் வந்து சொன்னாலும் திரும்பி வராதே. நான் செத்தேன் என்று சொன்னாலும் வராதே.

நீ போகிற வழியெல்லாம் தண்ணீர் ஆழமில்லாமல் இருக்கட்டும். உன்னைப் பார்க்கிற முகமெல்லாம் நல்ல முகமாக இருக்கட்டும். உனக்கு ஒரு பிள்ளை பிறந்தால் அது எந்த நாளில் பிறந்ததோ அந்த நாளைச் சொல்லி வளர்.

எனக்கு இரண்டு பெயர் இருந்தது, வாசலில் நின்று சாப்பிடக் கூப்பிட. ஒன்றை அவர்கள் வாங்கிக்கொண்டார்கள், இன்னொன்றை ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நானே சொல்ல முடியாது. யாரும் கேட்காத காகிதம்தானே, ஒரே ஒரு முறை எழுதிக்கொள்கிறேன்.

அவாசும். அதாங்கா.

ஓடு மகனே.

உன் அம்மா
அக்வென்