சிவரூபி தொடாத மீன்கறி

சல்லி,
திருகோணமலை.
12.05.2024

அன்புள்ள கோணேஸ்வரி அக்காவுக்கு,

சோபனா எழுதிக்கொள்வது. உங்கள் தங்கை ஜெயரூபி வாழ்ந்த வீட்டுக்குப் போன ஆவணியில் வந்தவள். நோர்வேயில் நீங்களும் பிள்ளைகளும் சுகமாயிருக்க முத்துமாரியம்மனை வேண்டுகிறேன். தொலைபேசியில் என் குரல் கேட்டால் வைத்துவிடுவீர்களோ என்று பயம். அதனால் அலுமாரியில் கிடந்த பழைய கடித உறையில் முகவரி பார்த்து எழுதுகிறேன். எங்கள் கலியாணத்துக்கு நீங்கள் வராததில் எனக்கு மனவருத்தம் இல்லை, அக்கா. உங்கள் இடத்தில் நானும் வந்திருக்க மாட்டேன்.

இப்போது கடல் நல்லது. பிள்ளைகளின் அப்பா நாளாந்தம் தொழிலுக்குப் போகிறார். கிருஷாந்தன் முதலாம் வகுப்பு. முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன, ஆனாலும் முறுக்குக் கேட்கிறான்.

சிவரூபியைப் பற்றித்தான் எழுத வேண்டும். பத்து வயதுப் பிள்ளை, பள்ளிக்கூடத்தால் வந்ததும் நேரே குசினிக்குள் போய் ஒவ்வொரு சட்டியாகத் திறந்து பார்ப்பாள். தானும் தம்பியும் எதைச் சாப்பிடுவது என்று அவள்தான் முடிவெடுப்பாள். பாணும் சீனியும், அவித்த முட்டை, வாழைப்பழம் என்று ஏதாவது எடுப்பாள். என் மீன்கறியை மட்டும் தொடமாட்டாள். நான் கிளிவெட்டிக்காரி, குளத்து மீன் சமைத்துப் பழகியவள், கடல் மீன் என் கைக்கு வரவில்லையாக்கும் என்று நினைத்திருந்தேன்.

போன மாதம் உடற்பயிற்சி நேரத்தில் மயங்கி விழுந்துவிட்டாள். ரபீக்கா ரீச்சர் என்னைக் கூப்பிட்டு, பிள்ளை வடிவாகச் சாப்பிடுவதில்லையா என்று கேட்டா. எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. விஷயம் கேட்டதும் பிள்ளைகளின் அப்பா அவளை அடிக்கக் கை ஓங்கினார். நான் நடுவில் போய் நின்றேன்.

அடுத்த நாள் கடற்கரையில் அவளோடு தனியாக இருந்து, "என்ர கறி கூடாதா?" என்று கேட்டேன். மணலைக் கையால் அளைந்தாள். பிறகு, "கூடாது எண்டில்லை. மணத்திலயே தெரியும், நல்லாத்தான் இருக்கும். ஆனா அதைச் சாப்பிட்டா அம்மாட ருசி போயிடும்," என்றாள். தம்பி ஒருநாள் அம்மாவின் கறி எப்படி இருந்தது என்று கேட்டானாம். "புளிப்பா இருக்கும் எண்டு சொன்னனான். அதுக்கு மேல எனக்கே ஞாபகம் வரேல்ல," என்று சொல்லிவிட்டு அழுதாள். நானும் அழுதேன். அம்மா கண்மூடும்போது அவளுக்கு ஆறு வயதுதானே.

சாப்பாட்டில் இனி அவளை வற்புறுத்துவதில்லை என்று அன்றைக்கே தீர்மானித்தேன். அந்தக் கறியை இரண்டு பேரும் சேர்ந்து தேடிப் பார்ப்போமா என்று மட்டும் கேட்டேன். ஓம் என்றாள். பழப்புளி விட்டுச் சூடைமீன் வைத்தோம். உள்ளங்கையில் ஒரு துளி விட்டு நக்கிப் பார்த்து, இது இல்லை என்று தலையாட்டினாள். போன ஞாயிற்றுக்கிழமை மாங்காய் போட்டு, தேங்காய்ப்பால் கொஞ்சம் கூட விட்டு வைத்தோம். கண்ணை மூடிக்கொண்டு நின்றவள், "கிட்ட வந்திட்டுது, ஆனா இன்னும் என்னவோ இல்லை," என்றாள். அந்தக் கறியோடு இரண்டு வாய் சோறு சாப்பிட்டாள், அக்கா. என் கறிச்சட்டியில் அவள் முதன்முதல் கை வைத்தது அன்றைக்குத்தான்.

அந்த 'என்னவோ' இவருக்குத் தெரியவில்லை. நீங்களும் ஜெயரூபி அக்காவும் ஒரே குசினியில் சமைத்துப் பழகினவர்கள். உங்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்கு எழுத வேண்டாம், சிவரூபிக்கு எழுதுங்கள். அவள் வாசித்துச் சொல்லச் சொல்ல நான் சமைக்கிறேன்.

என்னைத் தங்கையாக நினைக்கும்படி கேட்க மாட்டேன். அந்த இடம் எனக்குரியது இல்லை. ஆனால் பிள்ளைகளுக்குப் பெரியம்மா என்று நீங்கள் ஒருவர்தான் இருக்கிறீர்கள். எனக்குத் தெரியாத அவர்களின் அம்மாவை உங்களால்தான் சொல்லிக் கொடுக்க ஏலும்.

உங்கள் குடும்பத்துக்கு ஒரு குறையும் வராமல் அம்மன் காக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளைகளோடு இருக்கும்
சோபனா