கையை எடுத்தாலும் ஓடுகிற ஆட்டம்

அன்புள்ள தம்பிக்கு அம்மா எழுதுவது.

நீ செய்து கொடுத்த நகராட்சிப் புகார் செயலி பொய் சொல்கிறது. சந்தேகத்தில் எழுதவில்லை, சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். நீ எப்படி இருக்கிறாய், வேளைக்குச் சாப்பிடுகிறாயா, இருமல் விட்டதா என்று விசாரித்துவிட்டு மற்றதைச் சொல்வதுதான் முறை, விசாரித்ததாகவே வைத்துக்கொள். நான் நன்றாக இருக்கிறேன். அப்பா நன்றாக இல்லை. போனில் உன்னிடம் கால் சுளுக்கு என்று சொன்னாரே, அது சுளுக்கு இல்லை, கணுக்காலுக்கு மேலே எலும்பு முறிந்திருக்கிறது. எங்கள் கிளினிக்கில் நான்தான் எக்ஸ்ரே எடுத்தேன். இத்தனை வருஷம் யார் யார் எலும்பையோ படம் பிடித்தவளுக்கு அன்றைக்குத்தான் படம் ஒழுங்காக விழாமல் இரண்டாம் தடவை எடுக்க வேண்டியிருந்தது. படுத்த வாக்கிலேயே அவர், 'பையன்கிட்ட சொல்லிடாத, வேலையைப் போட்டுட்டு ஓடி வந்துருவான்' என்கிறார். நீ ஓடி வருவாய் என்று நம்புகிற ஒரு ஆள் இந்த உலகத்தில் இருக்கிறார், தெரிந்துகொள். இதைப் போனில் பேசலாம் என்றால் மாவுக்கட்டுக் காலை நாற்காலியில் நீட்டிக்கொண்டு நாள் முழுக்கக் கூடத்திலேயே இருக்கிறார், நான் யாரோடு பேசினாலும் அவர் காது என் பக்கம். வெளியே வந்து கூப்பிட்டால் நீ 'மீட்டிங்ல இருக்கேம்மா' என்கிறாய். அதனால் எக்ஸ்ரே அறையில் ஆள் வராத நேரமாகப் பார்த்துத் துண்டு துண்டாக இதை எழுதுகிறேன். நடுவில் யாராவது முழங்காலைப் பிடித்துக்கொண்டு வந்தால் நிறுத்திவிட்டுத் தொடர்வேன், தொடர்ச்சி இல்லாவிட்டால் பொறுத்துக்கொள்.

நடந்தது இதுதான். நம் வாசலுக்கு நேரே சாக்கடை மூடி உடைந்து உள்ளே விழுந்துவிட்டது. ஒரு ஆள் இறங்குகிற அளவுக்குக் குழி. நான் நகராட்சி அலுவலகத்துக்குப் போகக் கிளம்பினேன். அப்பா விடவில்லை. 'நம்ம பையன் செஞ்சது கையில இருக்கும்போது நீ எதுக்குப் போய் வரிசையில நிக்கற' என்று சொல்லி உன் செயலியில் புகார் போட்டார். குழிமேல் ஒரு பலகையாவது போடுகிறேன் என்றேன், அதையும் தடுத்தார், ஆள் வந்து பார்க்கும்போது குழி தெரிய வேண்டுமாம். அதற்கப்புறம் அவருக்கு அதே வேலை. ஸ்கூல் வேனை ஓட்டிவிட்டு வந்து உட்கார்ந்தால் அந்தப் பச்சைக் கோடு நகர்வதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். புகார் பெறப்பட்டது. பொறியாளர் பார்வையிட்டார். பணியாளர் புறப்பட்டார். ஒவ்வொன்றுக்கும் சமையலறைக்கு வந்து என்னிடம் காட்டுவார், என்னவோ நீயே மண்வெட்டியோடு தெருமுனையில் திரும்பிவிட்ட மாதிரி. ஒரு சாயங்காலம் வேனை நிறுத்திவிட்டு நடந்து வரும்போது போன் மணி அடித்திருக்கிறது. பணி முடிந்தது என்று செய்தி, கீழே புது மூடியின் படம். அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே வந்து பழைய குழிக்குள் காலை விட்டார். சத்தம் கேட்டு நான் ஓடிப்போய்த் தூக்கும்போதும் போன் கையில்தான் இருந்தது, படமும் திரையில்தான் இருந்தது. அந்தப் படத்தில் மூடிக்குப் பின்னால் நீலக் கேட் ஒன்று தெரிகிறது. நம் தெருவில் நீலக் கேட் ஏது? வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு உன் அப்பா சொன்னது இது: 'படம் எங்கயோ மாறிப் போயிருக்கும், அவன் தப்பா செய்ய மாட்டான்.' எதிர்வீட்டுக்காரர், நாம் தலையாட்டி என்போமே, அவரும் குழி ஓரத்தில் நின்று படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, 'ஆமாமா, மூடி போட்டுத்தான் இருக்கு' என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரையும் உள்ளே தள்ளி மூடி போட்டிருப்பேன்.

மறுநாள் அலுவலகத்துக்குப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, 'உங்க புகார் முடிஞ்சிருச்சேம்மா' என்றார். முடியவில்லை ஐயா, நடந்து போகிற தூரம்தான், வந்து பாருங்கள் என்றேன். 'நான் பார்த்து என்னம்மா பண்றது, சிஸ்டம்ல முடிஞ்சதை யாரும் திறக்க முடியாது' என்றார். அவர்மேலும் கோபம் வந்தது, ஆனால் அவர் பொத்தானே இல்லாத மேஜைக்கு முன்னால் உட்கார வைக்கப்பட்டவர், அவரைத் திட்டி என்ன ஆகப்போகிறது. வீட்டுக்கு வந்து, நான் பழைய வீடியோ கேம்களைச் சேர்த்து வைத்திருக்கிற சாமான் அறையில் கிடந்த ஒரு மெஷினின் பக்கவாட்டுப் பலகையை, அதுதான், விண்கலம் வரைந்த அந்தப் பெரிய பலகையை இழுத்துக்கொண்டு போய்க் குழியை மூடினேன். மறுநாளே நகராட்சி வண்டி வந்தது. இரண்டு பேர் இறங்கினார்கள், பலகையைத் தூக்கி வண்டியில் போட்டார்கள், தெருவை ஆக்கிரமித்ததாக என் கையில் ஒரு நோட்டீஸைத் திணித்தார்கள், போய்விட்டார்கள். குழி அப்படியே இருக்கிறது. உன் செயலி தொடங்கியதிலிருந்து இந்தத் தெருவில் உண்மையாக நடந்த ஒரே வேலை அதுதான். இப்போது உடைந்த நாற்காலி ஒன்றில் சிவப்புத் துணி கட்டி அங்கே நிறுத்தியிருக்கிறேன், அதற்கு என்ன பெயர் வைத்து எடுத்துப்போவார்கள் என்று பார்க்க வேண்டும்.

இனி நான் செய்த சோதனை. என் சித்தப்பா வீடியோ கேம் கடை வைத்திருந்ததும் நான் கல்லாவில் உட்கார்ந்து, காசுக்குப் பதிலாக மெஷினில் போடுகிற வில்லையைக் கொடுத்ததும் உனக்குத் தெரியும். அந்த மெஷின்களில் வில்லை போடாமல் விட்டால் அதுவே தன்னால் ஆடிக்காட்டும், ஆளை இழுப்பதற்காக. கையில் ஒன்றும் இல்லாத பிள்ளைகள் வந்து அதன் முன்னால் நின்று கைப்பிடியைப் பிடித்து ஆட்டுவார்கள். கப்பல் இடது பக்கம் போனால் தாங்கள்தான் திருப்பினோம் என்று குதிப்பார்கள். யார் உண்மையாக ஆடுகிறார்கள், யார் சும்மா ஆட்டுகிறார்கள் என்று கண்டுபிடிக்க ஒரே வழிதான். கையை எடுக்கச் சொல்ல வேண்டும். எடுத்த பிறகும் ஓடினால் அது ஆட்டம் இல்லை. நான் உன் செயலியில் கையை எடுத்துப் பார்த்தேன். இந்த ஊரிலேயே இல்லாத ஒரு தெருவுக்கு நானே பெயர் வைத்து, அங்கே விளக்கு எரியவில்லை என்று புகார் போட்டுவிட்டுப் போனை அரிசி டப்பாமேல் வைத்துவிட்டேன். இல்லாத தெருவைப் பொறியாளர் பார்வையிட்டார். இல்லாத தெருவுக்குப் பணியாளர் புறப்பட்டார். கடைசியில் விளக்கு பளிச்சென்று எரிகிற படம் வந்தது. பொறுமை காத்ததற்கு எனக்குப் புள்ளிகள், கூடவே பொறுப்புள்ள குடிமகள் என்று ஒரு பதக்கப் படம். அந்தப் பதக்கத்தைப் பார்க்கப் பிடிக்காமல் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

ஏனென்றால் இது எனக்குப் புதுச் செய்தி இல்லை. போன தடவை நீ வந்திருந்தபோது சாப்பிட்டுக்கொண்டே சொன்னாய், 'திரையில ஏதாவது அசைஞ்சுக்கிட்டே இருந்தா ஜனங்க கத்த மாட்டாங்கம்மா, புள்ளி குடுத்தா இன்னும் பொறுத்துப்பாங்க, இதெல்லாம் உன் கேம்லருந்து எடுத்ததுதான்.' அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை, உனக்கு இன்னொரு கரண்டி போட்டார். நானும் சிரித்தேன், அப்போது நீ ஏதோ அலங்காரத்தைச் சொல்கிறாய் என்று நினைத்தேன். என் கேமிலிருந்து எடுத்தாயா? டேய், என் கேமில் பொத்தானை அழுத்தினால் பொம்மை குதிக்கும். குதிக்காவிட்டால் பொத்தான் கெட்டிருக்கிறது என்று திருப்புளியைக் கொண்டு கழற்றிச் சுத்தம் செய்வேன். தோற்றால் என் விரல் தப்பு. மந்திரி மகன் வந்து ஆடினாலும் அதே இடத்தில் அதே முள்தான் குத்தும். என்னைப் பழசைக் கட்டிக்கொண்டு அழுகிறவள் என்று நீங்கள் எல்லோரும் கிண்டல் செய்கிறீர்கள். பழசு என்பதற்காக நான் எதையும் வைத்துக்கொள்ளவில்லை, பாதிக்கு மேல் குப்பை, ஆடினால் தலைவலிக்கும். விற்றவன் விற்றதோடு போய்விட்டான், திரும்ப வந்து என் வீட்டுக்குள் எட்டிப் பார்க்கவில்லை, அதற்காகத்தான் வைத்திருக்கிறேன். இப்போது கிளினிக்கில் புது எக்ஸ்ரே மெஷின் வந்திருக்கிறது, தினமும் காலையில் அதற்கு இன்டர்நெட் கிடைத்தால்தான் விழிக்கும். உடைந்த கையோடு ஒரு குழந்தை அழுதுகொண்டு நிற்கும், மெஷின் என்னிடம் தனக்கு எத்தனை நட்சத்திரம் தருவாய் என்று கேட்டுக்கொண்டு நிற்கும். உன் அத்தை போனில் ஏதோ தோட்டம் வளர்க்கிறாள், ஒருநாள் போகாவிட்டால் செடி வாடிவிடும் என்று கல்யாண வீட்டிலும் போனும் கையுமாக நிற்கிறாள். நிஜத் தொட்டியில் இருந்த செடி செத்துப்போனது அவளுக்குத் தெரியாது. இதைச் செய்கிறவர்களெல்லாம் உன்னை மாதிரி படித்த பிள்ளைகள், பெற்றவர்களுக்கு மாதாமாதம் போன் செய்கிற நல்ல பிள்ளைகள். அதுதான் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

அரசியல் பேசாதே என்பாய். நான் எங்கே பேசுகிறேன், அது வாசலில் குழியாகக் கிடக்கிறது. தேர்தலில் இந்தக் கட்சி இல்லாவிட்டால் அந்தக் கட்சி என்கிறார்கள். பழைய கேம்களில் இரண்டாவது ஆளுக்குத் தனிப் பொம்மை செய்ய இடம் இருக்காது, அதே பொம்மைக்குச் சட்டை நிறத்தை மட்டும் மாற்றிவிடுவார்கள். அதே நடை, அதே குதி, அதே மூஞ்சி. அவர்களாவது மெஷினில் இடம் இல்லாமல் செய்தார்கள். நம் கவுன்சிலருக்கு, திறப்பு விழா ஒன்றையும் விடாததால் ரிப்பன் என்று உன் அப்பா பெயர் வைத்தாரே அவருக்கு, அதே மாதிரி துண்டின் நிறத்தை மட்டும் மாற்றிக்கொள்ள என்ன கேடு? போன வாரம் அப்பாவைப் பார்க்க வந்தார். குழியைத் தாண்டித்தான் உள்ளே வந்தார். அளவெடுத்துத் தாண்டினார், பேச்சில் மட்டும் ஒரு வார்த்தைகூட அதைப் பற்றி இல்லை. மாவுக்கட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டார். 'உங்க பையன் நம்ம ஊருக்கே பெருமை சார்' என்றார். செயலி தொடங்கி ஒரு வருஷம் ஆகிறதாம், வெள்ளிக்கிழமை நகராட்சி மண்டபத்தில் விழாவாம், அதைச் செய்தவரின் தந்தை என்று அப்பா மேடையேறிப் பேச வேண்டுமாம். சக்கர நாற்காலிக்குக்கூட ஏற்பாடு செய்கிறார்களாம். போகும்போதும் தாண்டித்தான் போனார்.

இப்போது உன் அப்பா காலையும் மாலையும் பேச்சு தயாரிக்கிறார். பிள்ளைகளை ஏற்றி இறக்கியே காலம் தள்ளிய மனிதர், மைக்கைப் பிடித்ததே இல்லை. நான் துணி மடிக்கும்போது எதிரே உட்கார்ந்து சொல்லிக்காட்டுகிறார். 'என் மகன் செய்தது என்பதற்காக நான் சொல்லவில்லை' என்று தொடங்குகிறார், அங்கேயே நிறுத்தித் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பத் தொடங்குகிறார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு மடித்த துணியையே மறுபடி மடிக்கிறேன். தன் காலை உடைத்ததையே மேடையேறிப் புகழப்போகிறார், கீழே உட்கார்ந்திருக்கிற பாதிப் பேருக்கு விஷயம் தெரியும், சிரிப்பார்கள். நான் சொல்லிப் பார்த்தேன். இல்லாத தெருவின் விளக்குப் படத்தையே காட்டினேன். 'உனக்குக் கேம் பைத்தியம், எதையாவது நோண்டிக் கெடுத்திருப்ப' என்று சொல்லிவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார். நீ சொன்னால் மட்டும்தான் நம்புவார்.

சின்ன வயதில் உன் பெரியப்பா மகன் உன்னை ஏமாற்றியது நினைவிருக்கிறதா? ஒயரைச் சொருகாமலேயே உன் கையில் ஒரு கன்ட்ரோலரைக் கொடுத்துவிட்டு அவனே ஆடிக்கொண்டிருந்தான். நீ மத்தியானம் முழுக்க வியர்க்க வியர்க்க அழுத்தினாய், ஜெயித்ததாகச் சொல்லி வந்து என்னைக் கட்டிக்கொண்டாய். ஒயர் தரையில் கிடப்பதைப் பார்த்தபோது நீ அழவில்லை. வாந்தி எடுத்தாய். அவனோடு ரொம்ப நாள் பேசவே இல்லை. அந்த வயதில் உனக்குப் புரிந்தது இந்த வயதில் எப்படிப் புரியாமல் போகும்? மேலே இருக்கிறவர்கள் சொன்னார்கள் என்று சொல்லாதே. வேலை போய்விடும் என்றும் சொல்லாதே. போனால் வா, சோறு இருக்கிறது, அறை இருக்கிறது, சாமான்களை ஒதுக்கித் தருகிறேன். வாசலில் வண்டியிலிருந்து இறங்கும்போது மட்டும் குழியைப் பார்த்து இறங்கு.

இருமல் நிற்கவில்லை என்றால் நெஞ்சுக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்து எனக்கு அனுப்பு, டாக்டர் பார்ப்பதற்கு முன்னால் நான் பார்க்கிறேன். வெளிச்சாப்பாட்டைக் குறை. நீ நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், செய்கிற வேலையை உன் பிள்ளைகளிடம் தயங்காமல் சொல்கிற மாதிரி இருக்க வேண்டும், வேறு என்ன நான் கேட்கப் போகிறேன்.

உன்மேல் கோபமும் அன்பும் குறையாத,
அம்மா.

எழுதி முடித்துவிட்டு, கடிதம் வருகிறது என்று உனக்குப் போனில் செய்தியும் அனுப்பினேன், நீ பார்த்துவிட்டாய் என்று காட்டுகிறது, பதில் இல்லை. வெள்ளிக்கிழமைக்கு முன்னால் அப்பாவைக் கூப்பிடு. உன் வாயால், அது பொய் என்று அவரிடம் சொல். போனை அவர் கையில் கொடுத்துவிட்டு நான் வெளியே போய் நிற்கிறேன். எப்போது கூப்பிடுகிறாய்?