மெத்தை வகுப்பில் என் முறை

மார்ச் 30

அன்புள்ள அக்காவுக்கு,

சம்பந்தியம்மா என்று எழுதினால் கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கிறது. அதனால் அக்கா. என் மாதம் முடிந்தது. நாளை மதியம் நீங்கள் வந்து இறங்கும்போது நான் பாதி வழியில் இருப்பேன். வழக்கம்போல இதை வாண்டுவின் ஜிம்னாஸ்டிக்ஸ் பையில் வைக்கிறேன். நம் இருவரைத் தவிர அதை யார் திறக்கிறார்கள்?

நம் பேத்தி இப்போது குட்டிக்கரணம் போட்டு எழுந்து நிற்கிறாள். யாரும் கை தட்டுவதற்குள் தானே தட்டிக்கொள்கிறாள். வளையத்தில் ஐந்து எண்ணும்வரை தொங்க வேண்டும். இவள் மூன்றையும் நான்கையும் விழுங்கிவிட்டுக் குதித்துவிடுகிறாள். மூன்று வயதுக்குள் இத்தனை சாமர்த்தியம்! மற்ற பிள்ளைகளோடு வருவதெல்லாம் இளவட்டம். ஆனாலும் கையும் காலும் ஊன்றிப் போகும் கரடி நடையில் நான்தான் முதலில் போய்ச் சேர்ந்தேன். "பாட்டி, மெதுவா! போட்டி பிள்ளைங்களுக்குத்தான்" என்று டீச்சர் சிரிக்கிறாள்.

உங்களிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். போன சனிக்கிழமை அவசரத்தில் சாப்பிடாமல் பிரஷர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு போய்விட்டேன். வாண்டு கட்டைமேல் நடக்கும்போது எனக்குக் கண் இருட்டிவிட்டது. பிடித்திருந்த கையை விட்டுவிட்டேன், அக்கா. குழந்தை மெத்தையில் விழுந்தாள். அடி இல்லை, எழுந்து சிரித்தாள். டீச்சர் பார்க்கவில்லை. என் மகளிடம் சொல்ல வாய் வரவில்லை. தெரிந்தால் என்னை வகுப்புக்கு அனுப்ப மாட்டாள். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் மீதி நாளெல்லாம் இங்கே கிடக்கிறேன். உங்கள் மனதோடு இருக்கட்டும்.

அன்புத் தங்கை


ஏப்ரல் 29

என் அன்புத் தங்கச்சிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்த கையோடு சுக்குநூறாகக் கிழித்துப் போட்டுவிட்டேன். இனி அது என் வயிற்றோடு. மெத்தை எதற்குப் போட்டிருக்கிறார்கள், விழத்தானே? மனதைப் போட்டு உழப்பிக்கொள்ளாதீர்கள்.

என் முழங்கால்தான் உயிரை வாங்குகிறது. நண்டு நடை நடக்கச் சொன்னாள் டீச்சர். உட்கார்ந்தவள் எழுந்திருக்க இரண்டு பேர் தூக்க வேண்டியிருந்தது. உங்கள் மாதம் எப்போது வரும் என்று காத்திருந்தேன். பேத்தி உங்களைத்தான் கேட்கிறாள். "அந்தப் பாட்டி ஓடுவா, நீ உக்காந்தே இருக்கே" என்கிறாள். பொல்லாத வாய்!

வகுப்புக்குப் போடும் ஊதா சாக்ஸ் துவைத்து வைத்திருக்கிறேன். வழுக்காது.

உங்கள் அக்கா


மே 5

அன்புள்ள அக்காவுக்கு,

இதைத் தபாலில் போடுகிறேன். அவ்வளவு அவசரம்; போனில் பேசினால் மகள் காதில் விழும்.

சனிக்கிழமை வாண்டுவோடு மெத்தையில் ஏறப் போனேன். டீச்சர் தடுத்துவிட்டாள். "கூட நிக்கிறவங்க லிஸ்ட்ல உங்க பேரை எடுத்துட்டாங்க பாட்டி. அந்தப் பாட்டி பேரு மட்டும்தான் இருக்கு." உதவிக்கு இருக்கும் பெண் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் கண்ணாடிக்கு வெளியே, செருப்புகளுக்கு நடுவில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். வாண்டு கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு, "வா பாட்டி, கரடி!" என்று கூப்பிட்டாள். நான் கையை ஆட்டினேன். வேறு என்ன செய்ய?

மகளைக் கேட்டேன். "ஏதோ தப்பா ஏறியிருக்கும்மா, பாக்கறேன்" என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நீங்கள் போன் பண்ணி ஒரு வார்த்தை சொல்லுங்கள். மாமியார் சொன்னால் தட்ட மாட்டாள். எனக்கு உங்களை விட்டால் யார் இருக்கிறார்கள்?

உங்கள் தங்கை


மே 21

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

உங்கள் பதில் வரவில்லை. ஏன் என்று இப்போது தெரியும்.

நேற்று மகளை உட்காரவைத்துக் கேட்டேன். அலமாரியைத் திறந்து என் கடிதத்தை எடுத்து மேஜையில் வைத்தாள். ஒரு மூலைகூடக் கிழியவில்லை. "அத்தை வந்த அன்னிக்கே காட்டினாங்கம்மா. எல்லா மாசமும் நானே வந்து இருக்கேன்னும் சொன்னாங்க. நான் என்னம்மா பண்றது, குழந்தை விஷயமாச்சே?" என்று அழுதாள். அவள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

கையை விட்டது என் தப்பு. அதை மறைத்தது அதைவிடப் பெரிய தப்பு. "நீயே போய்ச் சொல்லு, இல்லாவிட்டால் நான் சொல்வேன்" என்று ஒரு வரி எழுதியிருந்தால் ரயில் ஏறி வந்து சொல்லியிருப்பேன். பேத்திக்காகப் பயந்து காட்டினீர்கள் என்றால் உங்கள் காலில் விழுவேன். ஆனால் காட்டி நான்கு வாரம் கழித்து, சுக்குநூறாகக் கிழித்தேன் என்று உட்கார்ந்து எழுதினீர்களே, அது யாருக்காக? முழங்கால் வலியோடு என் மாதத்தையும் ஏன் கேட்டு வாங்கினீர்கள்?

நான் ஐந்தாவதோடு நின்றவள். யாருக்கும் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. உங்களுக்கு எழுதத்தான் மறுபடி பேனா பிடித்தேன்.

டாக்டரிடம் போய்வந்தேன். மாத்திரையை மாற்றியிருக்கிறார், இனி பயமில்லை என்றார். அந்தச் சீட்டை மகளிடம் கொடுத்துவிட்டேன். "பாக்கலாம்மா" என்றாள். கெஞ்சி வாங்கி மெத்தையில் ஏற எனக்கு மனமில்லை. நாளைக் காலை கிளம்புகிறேன். இனி எல்லா மாதமும் உங்களுடையதே.

கட்டையில் நடக்கும்போது வாண்டு இடது பக்கம் சாய்வாள். அந்தப் பக்கமாக நில்லுங்கள்.

அவள் என்னைக் கேட்பாள். பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவைக்காதீர்கள். பாட்டிக்குக் கோபம் என்று சொல்லுங்கள். அது அவளுக்குப் புரியும்.

இப்படிக்கு,
உங்கள் மருமகளைப் பெற்றவள்